துரு ஒளியும் இடங்கள்

அம்பத்தூர்த் தொழிற்சாலையில் ஒரே மாதத்தில் செய்த இரண்டு ஹெர்குலிஸ் சைக்கிள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது. பெயிண்ட் உதிர்ந்து, குழாய் முழுக்கச் செந்துரு ஏறியிருக்கிறது. இன்னொன்று ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலைக்குத் தினமும் போய்வந்தது. சொந்தக்காரர் வருடா வருடம் ஓவராயில் செய்தார், சலிக்காமல் பெயிண்ட் அடித்தார், போர்த் தண்ணீரில் கழுவிக் கழுவித் துடைத்தார். இன்று இரண்டும் விலைக்கு வருகின்றன. பார்த்தவுடன் மனம் ஆம்பூர் வண்டியைத்தான் நாடும். வாங்கி ஓட்டினால் சில மாதங்களில் பெடலுக்குப் பின்னால், செயினை ஒட்டிப் போகும் குழாய் பொடிந்து முறிகிறது. திண்ணையில் கிடந்த வண்டியோ, துருவைத் தேய்த்து கிரீஸ் போட்டதும் ஓடத் தொடங்கிவிடுகிறது.

பேணிய வண்டி முறிந்து, பேணாத வண்டி பிழைப்பது எப்படி? இதற்கு விடை தெரிந்தால் பழைய இரும்பு சைக்கிளை எப்படிச் சோதித்து வாங்குவது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் தொழில் ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு.

வண்டி எது, எந்தக் காலத்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சுதந்திரத்துக்கு முன் இங்கே ஓடியவற்றில் பெரும்பாலானவை பர்மிங்காமிலும் நாட்டிங்காமிலும் செய்து கப்பலில் வந்தவை: ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ரட்ஜ், ஹம்பர், பிலிப்ஸ். முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின; 1951 முதல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளிவந்தது. அதே காலத்தில் வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே, சோனிபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆகவே ஹேண்டில் பாருக்குக் கீழே முன் குழாயில் ரிவிட் அடித்த பித்தளைத் தகட்டில் இந்தியத் தயாரிப்பு என்று இருக்கிற ஹெர்குலிஸை விற்பவர், "எங்க தாத்தா வெள்ளைக்காரன் காலத்துல வாங்கினது சார்" என்றால், தாத்தா மீது மரியாதை வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

தகடும் ஸ்டிக்கரும் மாற்றக்கூடியவை. பெடலோடு சுற்றும் பல் சக்கரத்தை மாற்றுவது அதைவிடக் கொஞ்சம் சிரமம். ராலேயின் சக்கரத்தில் நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். ரட்ஜில் விரிந்த கை. ஹம்பரில் ஓடும் மனிதர்கள். அதன் முன் ஃபோர்க்கும் பக்கத்துக்கு இரட்டைக் குழாயாக இருக்கும். பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதிர்ஷ்டம். அழுக்கைத் துணியால் துடைத்தால் ஹப்பின் மேலேயே வருடமும் மாதமும் எண்களாகப் பொறித்திருக்கும். 57, பக்கத்தில் 11 என்றிருந்தால் அந்த ஹப் 1957 நவம்பரில் செய்தது. ஹப்புக்கு வயது தெரிந்தால் வண்டிக்கும் தெரிந்ததாகாது, சக்கரம் மாறியிருக்கலாம். ஆனாலும் நல்ல தடயம். நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு தந்த தகட்டு வில்லை சில வண்டிகளில் இன்னும் தொங்குகிறது. ஊர்ப் பெயரும் வருடமும் அதில் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அந்த வண்டி எந்த ஊரில் வாழ்ந்தது என்று சொல்லும் ஒரே சாட்சி சில சமயம் அதுதான். எந்த ஊரில் வாழ்ந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய முதல் தகவல் என்பது போகப் போகப் புரியும்.

வளைந்த ஹேண்டில் பார் வைத்த பழைய ரேஸ் சைக்கிள் எப்போதாவது விலைக்கு வரும். உயர்ரகக் குழாயில் செய்தது என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். ஸ்டிக்கரை நம்ப வேண்டியதில்லை. ஒரு வெர்னியர் அளவுகோல் போதும். சீட்டைத் தாங்கும் பில்லரை உருவி, அதன் விட்டத்தை அளந்து பாருங்கள். சீட் குழாயின் வெளிவிட்டம் வழக்கமாக 28.6 மில்லிமீட்டர். அதற்குள் 27.2 மில்லிமீட்டர் பில்லர் சரியாக நுழைகிறது என்றால், மிச்சமிருப்பது 1.4. அதில் பாதி 0.7. நுழைவதற்கான இடைவெளியைக் கழித்தால் குழாயின் சுவர் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய சுவரோடு ஒரு ஆளைத் தாங்க வேண்டுமென்றால் அது வலிமையான கலப்பு எஃகாகத்தான் இருக்க வேண்டும்: 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 போன்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு. பில்லர் 25.4 மில்லிமீட்டர் என்றால் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். சாதாரண ரோட்ஸ்டர் குழாய். எந்த முத்திரையும் இல்லாமல், கழித்தலும் வகுத்தலும் வைத்தே உலோகத்தின் ரகத்தை ஊகித்துவிடுகிறோம்.

இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. விலை உயர்ந்த எஃகு விறைப்பானது என்பார்கள். இழுத்தால் எவ்வளவு நீளும், வளைத்தால் எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் யங் குணகம் கிட்டத்தட்ட எல்லா எஃகுக்கும் ஒன்றே. கலப்பு எஃகில் கூடுவது வலிமை: எவ்வளவு விசை வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும் என்பது. வலிமை கூடினால் சுவரை மெல்லியதாக்கலாம், எடை குறையும். இருபது கிலோ ரோட்ஸ்டருக்கும் பத்துப் பதினோரு கிலோ ரேஸ் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு இதற்கு. ஆனால் மெல்லிய சுவருக்கு ஒரு விலை இருக்கிறது. துரு அரை மில்லிமீட்டர் தின்றால் ரோட்ஸ்டரில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். ரேஸ் வண்டியில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது.

அறுபது வருட இரும்பு ஓடி ஓடித் தளர்ந்திருக்காதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் முறிந்துகொண்டிருந்தன. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் இதை ஆராய்ந்தார். அச்சைச் சுழலவிட்டு, முனையில் விசை கொடுத்து, எத்தனை சுற்றில் முறிகிறது என்று எண்ணினார். விசையைக் குறைக்கக் குறைக்க, முறிவதற்கு ஆகும் சுற்றுகள் கூடிக்கொண்டே போயின. ஒரு அளவுக்குக் கீழே வந்ததும் எத்தனை லட்சம் சுற்று சுற்றினாலும் அச்சு முறியவில்லை. திரும்பத் திரும்ப வரும் விசையால் உலோகத்துக்குள் விரிசல் வளர்வதை உலோக அயர்ச்சி என்கிறோம். வோலர் கண்ட அந்தக் கீழ் எல்லையை அயர்ச்சி வரம்பு எனலாம். எஃகுக்கு அந்த வரம்பு உண்டு. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. கனமான குழாயில் செய்த ரோட்ஸ்டரில் அன்றாட ஓட்டத்தின் விசை பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே வயதைப் பார்த்து நல்ல இரும்பு வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சலுகை உலர்ந்த காற்றில் மட்டும்தான். அதே எஃகை உப்புநீர் படும்படி வைத்துக்கொண்டு வளைத்து நிமிர்த்தினால் வரம்பு மறைந்துவிடுகிறது. எவ்வளவு சிறிய விசையானாலும், போதிய தடவை வந்தால், ஒரு நாள் முறியும். அரிப்பு தோண்டும் நுண்குழிகள் விரிசலுக்குத் தொடக்கம் கொடுக்கின்றன; விரிசல் திறக்கும்போதெல்லாம் உள்ளே புதிய இரும்பு உப்புநீருக்கு அகப்படுகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் கைகொடுக்கிறது. இதுதான் ஆம்பூர் வண்டியின் கதையில் பாதி.

மீதிப் பாதியைச் சொன்னவர் கேம்பிரிட்ஜில் துருவை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ். 1920களில் அவர் செய்த சோதனையைப் பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீர். அந்த நீரில் இரண்டு நிறங்காட்டிகளைக் கலந்திருப்பார்கள். ஒன்று இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும். மற்றது காரத்தன்மை உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். சிறிது நேரத்தில் சொட்டின் நடுவில் நீலமும், விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பும் தெரியும். இரண்டுக்கும் நடுவே பழுப்பு வளையமாகத் துரு படியும்.

நடப்பது இதுதான். சொட்டின் விளிம்பில் நீர்ப்படலம் மெல்லியது, காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதாக எட்டும். நடுவில் நீர் ஆழம், ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் மிகுந்த விளிம்பு எலக்ட்ரான்களைக் கேட்கிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி இரும்பைக் கரைத்து எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடுகின்றன. ஒரு சொட்டு நீரும் ஒரு தகடும் சேர்ந்து சின்ன மின்கலமாகிவிடுகின்றன. காற்று படுகிற இடம் தப்பிக்கிறது. காற்று எட்டாத இடம் தன்னையே தின்னக் கொடுக்கிறது. துரு படிந்த இடமும் குழி விழுந்த இடமும் ஒன்றல்ல என்பது எவன்ஸ் சோதனை நமக்குக் காட்டும் முக்கியமான செய்தி.

சைக்கிளில் இதை வைத்துப் பாருங்கள். திறந்த வெளியில் குழாய் முழுக்கப் பரவும் செந்துரு எங்கும் ஒரே சீராக, மேலாகத்தான் தின்னும். பார்க்க அசிங்கமே தவிர ஆழமில்லை. மட்கார்டு கிளிப்புக்கு அடியில், கேரியர் பட்டை இறுக்கிய இடத்தில், பெயிண்ட் கொப்புளத்துக்குள், குழாயின் உள்பக்கத்து அடியில் தேங்கிய ஈரத்தில் காற்று குறைவு. அங்கேதான் ஆழமான குழி. புதுப் பெயிண்ட் அந்த இடங்களை மூடிக் காற்றை இன்னும் குறைக்கிறது. ஆகவே வாங்கப் போகிறவர் துரு தெரிகிற இடத்தைவிட, துரு தெரியாத இடத்தில் நேரம் செலவழிக்க வேண்டும்.

உப்பு இதில் என்ன செய்கிறது? மின்கலத்துக்கு மின்பகுளி வேண்டும். தூய நீரில் மின்னோட்டம் சிரமப்பட்டு ஓடும், உப்புநீரில் தாராளமாக ஓடும். உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் படியும் காப்புப் படலத்தையும் உடைக்கிறது. மூன்றாவது காரணம்தான் இந்த ஊர்களுக்கு முக்கியம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானே கரைந்து நீராகிவிடும். மக்னீசிய உப்புகள் கலந்த கச்சா உப்பு அதற்கும் முன்பே கசியத் தொடங்கும். வேலூர் வெயிலுக்குப் பேர்போனது, வறண்ட ஊர் என்று நினைக்கிறோம். ஐப்பசி கார்த்திகை இரவுகளில் அந்த 75ஐத் தாண்டுவது சாதாரணம். மழையே படாத வண்டிக்குள்ளும் இரவில் உப்பு நனைகிறது, பகலில் காய்கிறது.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பைத் தடவி அடுக்குவார்கள். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை தோலை நீரில் ஊறவைத்து அந்த உப்பை வெளியேற்றுவது. அந்த ஊறல் நீரின் உப்பு கடல்நீரோடு ஒப்பிடத்தக்கது. பல பத்தாண்டுகள் அது நிலத்திலும் பாலாற்று மணலிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட லாயக்கற்றதாகிவிட்டது என்ற ஆய்வு முடிவும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. இது முதலில் விவசாயிகளின், குடிநீருக்கு அலைந்த பெண்களின் துயரம். சைக்கிள் அதன் ஓரத்தில் கிடக்கும் ஒரு சின்னச் சாட்சி. கிணறு உப்பானால், அந்தக் கிணற்று நீரில் தினம் கழுவிய வண்டியின் இடுக்குகளிலும் தினம் கொஞ்சம் உப்பு தங்கும். நீர் ஆவியாகும், உப்பு போகாது. உப்புத் தோல் கட்டிய கேரியர், ஊறல் தொட்டி ஓரத்து ஈரத்தரை எல்லாம் அதோடு சேரும். ஆம்பூர்க்காரர் அக்கறையோடு கழுவியதே அவர் வண்டிக்கு வினையாயிற்று.

இனி வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்போம். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "பாய், சீட் பில்லரைக் கழட்டிப் பாக்கணும்." தயங்கினால் அதுவே ஒரு தகவல். பில்லர் நட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பி இழுங்கள். வழுக்கி வந்தால் நல்ல அறிகுறி. இரும்பு துருவாகும்போது இடம் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும். அதனால்தான் துருப்பிடித்த பில்லர் குழாயோடு இறுகி, சுத்தியலுக்கும் அசையாமல் நிற்கிறது. ஒட்டிக்கொண்ட பில்லர் உள்ள வண்டிக்கு நான் பாதி விலைகூடச் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க முடியாத வண்டி அது.

பில்லர் வந்துவிட்டால் செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். பிறகு ஃபிரேமைக் கவிழ்த்து, கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மரக்கட்டையால் குழாயைத் தட்டுங்கள். சிட்டிகை செம்பொடி விழுந்தால் கவலையில்லை; எல்லாப் பழைய வண்டியிலும் விழும். அடுக்கடுக்கான செதில்கள், நகக்கண் அளவில், கருமையும் சிவப்புமாக விழுந்தால் சுவரிலிருந்து உலோகம் உரிந்து வந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது பி.பி. பெடல் அச்சு சுழலும் அந்தக் குட்டைக் குழாய்தான் முழு ஃபிரேமின் சாக்கடை. சீட் குழாயின் வாயிலுள்ள பிளவு வழியாக இறங்கும் மழைநீர், இரவில் குளிர்ந்த குழாயின் உள்சுவரில் கோக்கும் பனிநீர், எல்லாம் வடிந்து சேருவது இங்கே. உள்ளே பெயிண்ட் கிடையாது. இங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்களின் தொடக்கத்தில் ஈரம் தேங்கும், காற்று ஓடாது. ஆம்பூர் வண்டி முறிந்தது அங்கேதான். மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் குழாய்களின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரல் பலத்தில் அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு அசையாது. எங்காவது உள்வாங்கினால் பேரம் பேசாமல் எழுந்துவிடலாம்.

பி.பி. கப்பைக் கழற்றச் சம்மதித்தால் இன்னும் நல்லது. செயின் பக்கத்துக் கப் இடமுறைத் திருகாணி. வழக்கத்துக்கு மாறாக வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் திருகி மரையைச் சிதைத்த வண்டிகள் ஏராளம். மரை பெரும்பாலும் பி.எஸ்.ஏ. வகுத்த அளவு: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்காம் ராலே பலவற்றில் 26 மரை இருக்கும். சந்தையில் கிடைக்கும் கப் அதில் ஏறாது. பால்ரஸ், கோன், அச்சு, காட்டர் பின், செயின், ஃப்ரீ வீல் எல்லாம் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் சமாசாரம். 28 அங்குல டயரும் கிடைக்கும். ஃபிரேமும் அதன் மரையும் கெட்டால் மாற்று இல்லை. என் மதிப்பீட்டில் விலை பேச வேண்டியது ஃபிரேமுக்கு. மற்றதெல்லாம் அதோடு வரும் உபரி.

விரிசலைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. குழாய்கள் சேரும் இடங்களில் லக் எனப்படும் எஃகுக் கவசம் இருக்கும். குழாயை அதற்குள் செருகி, 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, விளிம்பில் பித்தளையை உருக்குவார்கள். எஃகு உருக 1,500 டிகிரி வேண்டும், ஆகவே குழாய்க்கு ஆபத்தில்லை. உருகிய பித்தளை, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மெல்லிய இடைவெளிக்குள் தானே ஊர்ந்து பரவும். நுண்புழை ஏற்றம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். இதே விசை விரிசலையும் காட்டிக்கொடுக்கும். சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டு, துணியால் வறளத் துடைத்து, சாக்பீஸ் தூளை அப்புங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஏறிய மண்ணெண்ணெய் வெண்தூளில் கசிந்து மயிரிழைக் கோடாகத் தெரியும். ரயில் அச்சுகளையும் ஒரு காலத்தில் இப்படித்தான் சோதித்தார்கள். லக் விளிம்பு, சீட் குழாயின் மேல்வாய், பின் குழாய்களை இணைக்கும் குறுக்குத் துண்டு, இந்த மூன்று இடத்தில் பார்த்தால் போதும்.

மோதிய வண்டியை அடையாளம் காண விரல்நுனியே கருவி. எதிரே மோதும்போது ஃபோர்க் பின்னால் தள்ளப்படுகிறது. முன் குழாயின் கீழ்முனை பின்னோக்கித் திரும்பப் பார்க்கிறது. மேல் பாரும் கீழ்க் குழாயும் அடிப்பக்கத்தில் நசுங்குகின்றன. லக் முடிகிற இடத்தில் தடிமன் சட்டென்று குறைவதால் மடிப்பு விழுவது அங்கேதான். லக்குக்குப் பின்னால் இரண்டு மூன்று விரற்கடை தூரம், குழாயின் அடியில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். பெயிண்ட் மறைத்த அலையை விரல் கண்டுகொள்ளும். பிறகு பக்கவாட்டில் நின்று, முன் குழாயின் கோட்டைக் கீழே நீட்டிப் பாருங்கள். ஃபோர்க்கின் மேற்பாதி அந்தக் கோட்டிலேயே இறங்கி, பிறகுதான் முன்னோக்கி வளைய வேண்டும். கடைசியாக ஒரு நூல். பின்சக்கரம் மாட்டும் ஒரு பிளவிலிருந்து கிளம்பி, முன் குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவுக்கு இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள தூரம் இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஃபிரேம் கோணல். சக்கரக் கோட்டம் எடுப்பதுபோல எளிதில் சரியாகாது.

குரோம் பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிம்மின் பளபளப்புக்குக் காரணமான குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த படலம். உண்மையான காவல் அதற்கடியிலுள்ள நிக்கல். நிக்கலில் ஊசித்துளை விழுந்த இடங்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். புதிதாகக் குரோம் ஏற்ற அவசரப்படாதீர்கள். அந்தத் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். 1995இல் மூடிய ராணிப்பேட்டை குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவிலுள்ள அதே நஞ்சு.

தோல் சீட்டு இந்த ஊர்க்காரர்களுக்குத் தனிப் பாடம். 1866இல் பர்மிங்காமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவன வகைச் சீட்டில் மெத்தை கிடையாது. ஒரே தடித்த தோலை முன்னும் பின்னும் ரிவிட் அடித்து, முரசுபோல இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதற்குத் தாவரப் பட்டையில் பதனிட்ட தோல்தான் லாயக்கு. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின், தோலின் நார்களுக்கிடையே நிறைந்து கட்டிப்போடுவதால், ஈரத்தில் அச்சில் வைத்து அழுத்தினால் அந்த உருவம் காய்ந்த பிறகும் நிற்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மிருதுவானது, நீளும். இழுத்துக் கட்டினால் தொய்ந்துபோகும். ஆலையில் இரண்டையும் கொதிநீர்ச் சோதனையில் பிரித்தறிவார்கள்: கொதிநீரில் போட்டால் குரோம் தோல் சுருங்காது, பட்டைத் தோல் சுருண்டுவிடும். சீட்டில் அது முடியாது. அடி ஓரத்தில் வெட்டுவாயைப் பாருங்கள். உள்வரை பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல், நடுவில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம்.

அதே வெட்டுவாயிலிருந்து ரிவிட்டுகளுக்குக் கண்ணை நகர்த்துங்கள். இரும்பு ரிவிட்டைச் சுற்றி மைக்கருப்பு வட்டம் இருக்கிறதா? ஈரத்தில் கரைந்த இரும்பு தோலிலுள்ள டானினோடு சேர்ந்து உண்டாக்கிய கருப்பு அது. கடுக்காயோடு அன்னபேதியைக் கலந்து நம் முன்னோர் காய்ச்சிய எழுத்து மையும் வேதியியலில் இதுவேதான். ஈரத்தோலில் இரும்புக் கருவி பட்டால் கறை விழும் என்று பதனிடும் தொழிலாளி எவரைக் கேட்டாலும் சொல்வார். வட்டம் சிறிதாக இருந்தால் எப்போதோ நனைந்த வண்டி. ரிவிட்டிலிருந்து வெகுதூரம் பரவியிருந்தால், திரும்பத் திரும்ப நனைந்த வண்டி. பெயிண்ட் என்ன சொன்னாலும் பி.பி.யை இன்னொரு முறை பாருங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன் உப்பை வெளியேற்ற வேண்டும். ஃபிரேமை முழுக்கப் பிரித்து, சேமித்த மழைநீரால் குழாய்களின் உள்ளே பலமுறை அலசி, நல்ல வெயிலில் வாயைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம். வெளியில் மேலாகப் படிந்த துருவுக்கு, அருங்காட்சியகங்களில் பழைய இரும்பைக் காப்பவர்கள் கையாளும் டானிக் அமிலக் கரைசல் உதவும். சிவந்த துரு கருத்து, ஒட்டிய படலமாகிவிடும். உப்பு மிச்சமிருந்தால் அந்தப் படலத்துக்கடியிலும் அரிப்பு தொடரும் என்பதால் அலசுவதில் அவசரம் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பது நல்லது. குழாய்களுக்குள் என்ஜின் ஆயிலை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்துப் புரட்டி, ஒரு ராத்திரி வடியவிட்ட பிறகு பி.பி. கப்பில் புது கிரீஸை அப்பி மாட்டுங்கள்.